பதில்: அம்மா ஊதிப் பார்க்கும் டெஸ்டுக்கு வரமாட்டேங்காவ

அண்ணாச்சி, முக்கூடல்ல பீடி சுத்துற அம்மாவுக்கு ரெண்டு மாசமா வறட்டு இருமல், டாக்டர் ஃபீனோ டெஸ்ட் (ஊதுற மூச்சுல நைட்ரிக் ஆக்சைடு வாயு எவ்வளவுன்னு அளக்குறது) எழுதியும் "ஊதுனா ஆஸ்துமான்னு பேரு வச்சிருவாவ"ன்னு மறுக்காங்கன்னு எழுதியிருக்கீங்க.

ஊசி, ரத்தம் எதுவும் கிடையாதுன்னு முதல்ல சொல்லுங்க. மூச்சை முழுசா இழுத்து, ஒரே சீரா 10 விநாடி ஊதணும். பலரும் வேகமா ஊதிருவாங்க, மெஷின் ஏத்துக்காது. ஊதுகுழல்ல சாம்பல் பறக்காம கங்கு மட்டும் சிவக்க ஊதுற பக்குவம்னா அம்மாவுக்குச் சட்டுனு புரியும்.

ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பாடு, காப்பி வேண்டாம். கீரை, பீட்ரூட் அளவைக் கூட்டிக் காட்டும், அன்னைக்குத் தவிர்த்திருங்க. ஸ்பைரோமெட்ரியும் (பலமா ஊதி நுரையீரல் திறனை அளக்குற டெஸ்ட்) இருந்தா ஃபீனோவை முதல்ல எடுக்கணும், பலமா ஊதின பிறகு அளவு இறங்கிரும்.

பெரியவங்களுக்கு 25 பிபிபிக்கு (நூறு கோடியில எத்தனை பங்குங்கிற அளவு) கீழே குறைவு; 50 தாண்டினா மூச்சுக்குழாய்ல அலர்ஜி வகை வீக்கம் இருக்கவும், ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தரவும் வாய்ப்பு அதிகம். குறைவா வந்ததாலயே ஆஸ்துமா இல்லைன்னு ஆகாது. ஏற்கெனவே இன்ஹேலர் இழுத்தாலும் குறையும், அதை மறைக்காதீங்க. இந்த ஒரு நம்பரை வச்சு யாரும் பேரு வைக்க முடியாது.

ரெண்டு வாரம் தாண்டின இருமல்னா காசநோய்க்குச் சளி பார்த்தாச்சா? இல்லைன்னா அதுதான் முதல்ல. அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.