உட்கார்ந்தால்தான் மனசு ஓடுகிறது

கேள்வி: 6 மாதமாகத் தினமும் விடியற்காலை 5.30 மணிக்கு எழுந்து 20 நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். கண்ணை மூடியதும்தான் பையனின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் மாத்திரை, போன வாரம் ஆபீஸில் கேட்ட பேச்சு எல்லாம் வரிசைகட்டி வருகின்றன. எதையும் நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் இன்னும் மோசமாகிறது. “சும்மா உட்கார இவ்வளவு பாடா?” என்கிறார் கணவர். எனக்குத் தியானம் வராதா? நேரத்தை 40 நிமிடமாகக் கூட்டட்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவருக்குச் சொல்லிவிடுகிறேன். மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், தண்ணீர்மேல் நடக்கலாம். சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியிருக்கிறார் தாயுமானவர். வீட்டையும் ஆபீஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு 6 மாதம் விடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது சின்னக் காரியம் இல்லை.

நீங்கள் இடறுவது ஒரே இடத்தில்தான்: அந்தப் பல்லைக் கடிப்பதில். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களிடம் 5 நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கக் கூடாது என்று காவல் வைத்தால், வந்துவிட்டதா என்று பார்க்கவே மனசு அதைத் தேடும். உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

“அடடா, ஃபீஸைப் பற்றியல்லவா யோசித்துக்கொண்டிருக்கிறோம்” என்று நடுவில் சட்டென்று தெரிகிறதே, அந்தக் கணத்தை நீங்கள் தோல்வி என்று எண்ணுகிறீர்கள். அதுதான் தியானம். தெரிந்துவிட்டதென்றால் மனசு திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். 20 நிமிடத்தில் 30 தடவை ஓடியிருந்தால், 30 தடவை திரும்பியிருக்கிறீர்கள். இதுவரை அந்த நேரம் பார்த்துத்தான் உங்களையே திட்டியிருப்பீர்கள். விளையாடப் போன பிள்ளை வாசற்படியில் கால் வைக்கும்போது பிரம்பை எடுத்தால், நாளைக்கு அது வீடு திரும்பத் தயங்கும். நான் உட்காரப் பழகிய முதல் வருடம் முழுக்க என்னை நானே இப்படித் திட்டித் தீர்த்தேன். அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ சொல்லிக்கொடுத்த வழி உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். மூச்சோடு வயிறு எழுவதையும் தணிவதையும் கவனியுங்கள். நினைப்பு வந்தால் மனசுக்குள் மெதுவாக “நினைக்கிறேன்” என்று பேர் சொல்லுங்கள். கால் வலித்தால் “வலி”. பேர் சொன்னதும் மறுபடி வயிற்றுக்கு வந்துவிடலாம். நினைப்பைத் துரத்தவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். தொடங்கும்போது முதல் 10 மூச்சை, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் நிதானப்படும். உடம்பு அடங்கினால் மனசுக்கும் அது உதவி.

ஃபீஸும் மாத்திரையும் வேலைக் கணக்கு. உட்காருவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டால் பாதி ஓட்டம் குறையும். ஆபீஸில் கேட்ட பேச்சு அப்படிப்பட்டது இல்லை, அது காயம். அது வரும்போது யார் என்ன சொன்னார்கள் என்று கதையை ஓட்டாமல், உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். தொண்டையா, நெஞ்சா? அங்கே நாலைந்து மூச்சு இருங்கள். தாங்க முடியாமல் படபடப்போ அழுகையோ வந்தால் கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது நாள்கணக்கில் தொடர்ந்து தூக்கத்தையும் கெடுத்தால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தியானம் வராதா என்கிறீர்கள். பத்து நாள் விபாசனா தியான முகாமில் தினமும் சுமார் 10 மணி நேரம் உட்காருகிறவர்களுக்கே முதல் 3 நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. உங்களுக்குக் கிடைப்பது விடியற்காலையில் கொஞ்ச நேரம்.

40 நிமிடம் இப்போது வேண்டாம். 15 ஆகக் குறையுங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். மிச்சமாகும் 5 நிமிடத்தில், எழுந்ததும் அடுப்படிக்கு ஓடாமல் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.