வரப்பிலிருந்து ஊசி வரை: விரியன் கடி, கேள்வி பதில்

நெல் அறுப்பு தொடங்கினால் பர்மாவில் பெகு, தட்டோன், பசீன் பக்கத்தில் கண்ணாடி விரியன் கடியும் தொடங்கிவிடும். பர்மியர் 'ம்வே ப்வே' என்பது இந்தப் பாம்பைத்தான். கடித்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நடப்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

பெகு, விவசாயி: அண்ணே, கடிச்சதும் முழங்காலுக்கு மேல கயிறு போட்டு இறுக்கச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீங்க. ரத்த ஓட்டம் நிற்கிற அளவுக்கு இறுக்கினால் கால் செத்துப்போகும். அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக உடம்புக்குள் போகும். லேசாகக் கட்டினால் விஷம் நிற்காது, கட்டியாச்சு என்ற தைரியம்தான் மிச்சம். அந்தத் தைரியத்தில் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு.

ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் பாதி வழியில் அறுத்துவிடாதீங்க. கையில் சலைன் ஏறி, விஷமுறிவு மருந்து தொடங்கிய பிறகு மருத்துவர் அவிழ்க்கட்டும்.

தட்டோன், இளைஞர் சங்கத்து முதலுதவிக்காரர்: பர்மாவிலேயே சோதித்த 'திண்டு வைத்துக் கட்டும்' முறை உண்டு என்கிறார்களே? அளவோடு சொல்லுங்கள்.

உண்டு. 1980களிலிருந்து பர்மிய மருத்துவர்கள் விரியன் கடிபட்டவர்களிடமே இதைச் சோதித்தார்கள். 1995லும் ஒரு ஆய்வு வெளியானது. திண்டு இருக்கும்வரை ரத்தத்தில் விஷத்தின் அளவு தாழ்ந்திருந்தது, எடுத்ததும் ஏறியது என்பதுதான் அவர்கள் கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வழிகாட்டியிலும் இந்த முறை இடம்பெற்றிருக்கிறது.

முதலில் ஆளை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு அவை சதையை அறுக்கும். பிறகு 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரம், 2 முதல் 3 செ.மீ. கனம் உள்ள ரப்பர்த் துண்டைப் பல் பதிந்த இடத்தின் மேலேயே வையுங்கள். பழைய ரப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி இரண்டடுக்காக வைத்தால் இந்தக் கனம் வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் துணியைக் கெட்டியாக மடித்து வையுங்கள். மேலே நீளாத துணியால் சுற்றி இறுக்குங்கள். கிழித்த லுங்கி போதும். கடைசியாக மூங்கில் சிம்பு வைத்துக் காலை அசையாமல் கட்டுங்கள்.

திண்டுக்கு அடியில் குறைந்தது 70 மி.மீ. பாதரச அழுத்தம் வேண்டும். இதைக் கை உணர்ந்து சொல்லாது, பழக வேண்டும். குழந்தைகளுக்கான ரத்த அழுத்தப் பட்டையில் கொஞ்சம் காற்றடைத்துத் திண்டுக்குக் கீழே வையுங்கள். கட்டுவதற்கு முன்னும் பின்னும் மானியைப் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். பத்து முறை கட்டினால் கைக்கு அளவு தெரிந்துவிடும். முதல் முறை கட்டுகிறவர் பெரும்பாலும் குறைவாகத்தான் இறுக்குவார்.

தப்பு நடக்கிற இடங்கள் மூன்று. கடிவாய்க்கு மேலே நாலு விரல் தள்ளித் திண்டை வைப்பது (கயிறு கட்டிய பழக்கம் கையை விட்டுப் போவதில்லை). கட்டிய பிறகு ஆளை நடக்கவிடுவது. நடந்தால் தசை அசைந்து விஷத்தை நிணநீர் வழியே மேலே தள்ளும், கட்டியதெல்லாம் வீண். மூன்றாவது, ஆஸ்பத்திரி வாசலில் 'வந்தாச்சு' என்று யாராவது அவிழ்த்துவிடுவது. மருந்து ஏறத் தொடங்கும்வரை திண்டு இருக்கட்டும். கால்விரல் நீலம் பாய்ந்தால் மட்டும் கட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ரங்கூன், மருந்துக்கடை வைத்திருப்பவர்: ஆஸ்திரேலியாவில் கால் முழுவதும் கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறார்களே?

அது 1979ல் சதர்லேண்ட் என்ற ஆய்வாளர் சொன்ன முறை. அங்குள்ள பாம்புகளின் நரம்பு விஷத்தை நினைத்து வகுத்தது. 10 முதல் 15 செ.மீ. அகல எலாஸ்டிக் பேண்டேஜ் பல சுருள் வேண்டும், பழகிய கையும் வேண்டும். இங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன் என்று உறுதியாகத் தெரிந்து, பேண்டேஜும் கையில் இருந்தால் செய்யலாம். விரியனுக்குத் திண்டுதான்.

பசீன் பக்கத்துக் கிராமம், பள்ளி ஆசிரியை: 192க்கு அழைத்துக் காத்திருப்பதா, மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுவதா?

ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வருமென்று உங்கள் ஊர் அனுபவம் சொன்னால் காத்திருங்கள். இல்லையென்றால் மோட்டார் சைக்கிள்தான். நேபாளத்தில் டமக் பக்கத்துக் கிராமங்களில் தொண்டர்களே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றார்கள். கடிபட்டவர்களில் இறந்தவர் விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியதாக 2013ல் வந்த ஆய்வு சொல்கிறது. கூடவே ஊர் ஊராகப் பிரசாரமும் நடந்ததால், முழுப் பெருமையையும் வண்டிக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் நம் வண்டிப் பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இல்லை.

ஓட்டுபவர் முன்னால், நோயாளி நடுவில், பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கால் தொங்கி ஆடக்கூடாது. நினைவு தப்பியவரையும் மூச்சுத் திணறுகிறவரையும் இப்படி ஏற்றவே கூடாது. அவர்களுக்குப் படுக்க இடமுள்ள வண்டி வேண்டும், தொண்டர்கள் நடத்தும் பரஹித வண்டியோ மீன் ஏற்றும் வண்டியோ எதுவானாலும் சரி.

கிளம்பும் முன் ஒரே ஒரு போன். விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கிறதா, இப்போது மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். திரவ மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஃபிரிட்ஜ் ஓடாத சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி கிளம்பினால் போன நேரம் திரும்பாது.

மோல்மேன், இல்லத்தரசி: மிளகாய், வேப்பிலை தின்னக் கொடுத்துப் பார்ப்பது, கீறி ரத்தம் விடுவது, பாம்புக்கல்?

மிளகாய் காரம் தெரிந்தாலும் விஷம் ஏறியிருக்கலாம், தெரியாவிட்டாலும் பயத்தில் நாக்கு மரத்திருக்கலாம். சோதனையாக அதற்கு மதிப்பில்லை. கீறுவது ஆபத்து. விரியன் விஷத்தால் ரத்தம் உறையாத உடம்பில் சின்னக் கீறலும் நிற்காமல் ஒழுகும். கல்லால் பயனில்லை. மந்திரிக்கிறவர் மேல் வீட்டுப் பெரியவர்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் அம்மா, வழியெல்லாம் மந்திரிக்கட்டும்.

பெகு, இன்னொருவர்: பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுமா?

துரத்தாதீர்கள். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும். ஏற்கெனவே செத்திருந்தால் குச்சியால் வாளிக்குள் தள்ளி மூடிக் கொண்டுபோங்கள். வெட்டிய தலையும் கடிக்கும். என்ன பாம்பு என்பது இங்கே முக்கியம். இன்செயினில் உள்ள அரசு மருந்து ஆலை விரியனுக்கும் நல்ல பாம்புக்கும் தனித்தனி மருந்து செய்கிறது, ஒன்று மற்றதற்கு உதவாது.

சுகாதார நிலையத்துச் செவிலியர்: 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எங்களுக்கு அடிக்கடி தப்பாக வருகிறது. ஏன்?

குழாயைப் பாருங்கள். 2 மி.லி. ரத்தத்தைப் புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே முறை சாய்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது. உறைதலைத் தூண்டிவிடுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாது, தேவையில்லாமல் மருந்து ஏற்றுவீர்கள். ஐந்தாம் நிமிடமே எடுத்துச் சாய்த்துப் பார்ப்பதும் அதே தப்புத்தான். சந்தேகமிருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதே வகைக் குழாயில் பக்கத்தில் வையுங்கள்.

உறைந்திருந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பச்சை விரியன் கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகலாம், அதனால் பாம்பின் படத்தையும் கேளுங்கள்.

பரஹித வண்டித் தொண்டர்: வழியில் என்ன கவனிப்பது? மருந்தை வண்டியிலேயே ஏற்றலாமா?

ஈறு, கடிவாய், ஊசி குத்திய இடம் ஆகியவற்றில் ரத்தக் கசிவு. கண் வெள்ளை நீர்கோத்து உப்புவது, இது ரத்தக்குழாய்கள் கசிவதன் அறிகுறி. கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் போனார், அதன் நிறம் என்ன. விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுப்பதால் இதை எழுதியே கொடுங்கள். இமை தொங்கினால், விழுங்க முடியாவிட்டால் நரம்பு விஷம் என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். மூச்சு நின்றால் செயற்கை மூச்சுப் பையால் காற்றை ஊதிக்கொண்டே போங்கள். அப்படிப்பட்டவர் செத்தவர்போலத் தெரிந்தாலும் பிழைக்க முடியும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் வேண்டாம். தசையில் ஊசி போடுவதும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டும்.

விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, கடும் ஒவ்வாமை வரலாம். மருத்துவர் இல்லாத வண்டியில் ஏற்றாதீர்கள். ஒவ்வாமை வந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள், தசையூசி கூடாது என்றதற்கு விதிவிலக்கு இது ஒன்றுதான். முன்கூட்டியே தோலுக்கடியில் 0.25 மி.கி. அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்று இலங்கையில் 1,007 பேரிடம் செய்த ஆய்வு 2011ல் காட்டியது. பலரும் வழக்கமாகப் போடும் ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அதில் பலன் தரவில்லை.

மருத்துவ மாணவர், ரங்கூன்: இதைப் பற்றி ஒரு சிறு ஆய்வு செய்ய ஆசை. எந்த நேரங்களைக் குறிப்பது?

தம்பி, ஐந்து நேரம். கடித்தது, கிளம்பியது, முதல் இடத்தில் நின்றது, மருந்துள்ள ஆஸ்பத்திரியை அடைந்தது, மருந்தின் முதல் துளி ஏறியது. முதல் இடத்தையும் கடைசி ஆஸ்பத்திரியையும் ஒன்றாக்கி 'வந்து சேர்ந்த நேரம்' என்று ஒரே கட்டத்தில் எழுதும் படிவங்கள் இருக்கின்றன. தாமதம் எங்கே நடந்தது என்பது அந்தக் கட்டத்துக்குள் மறைந்துவிடும். கடிகாரம் பார்க்காதவரிடம் 'சாப்பாட்டுக்கு முன்னாலா, மாடு ஓட்டி வந்த பிறகா' என்று கேளுங்கள்.

பெரிய பள்ளம் வேறு. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் வைத்து எழுதினால், வழியில் இறந்தவர் கணக்கிலேயே வரமாட்டார். கடித்து மூன்று மணி நேரம் தாண்டி வந்தவர்கள் நன்றாகப் பிழைத்ததுபோல எண்கள் காட்டும். அவ்வளவு நேரம் தாங்கியவர்கள்தானே வந்து சேர்ந்தார்கள்! ஊர் ஊராகப் போய் விசாரிக்காமல் 'தாமதத்தால் பாதிப்பில்லை' என்று மட்டும் எழுதிவிடாதே.

தட்டோன், ஒரு சகோதரி: அக்காவுக்கு மூன்று வருஷம் முன் விரியன் கடித்துப் பிழைத்தார். இப்போது எந்நேரமும் சோர்வு, குளிர் தாங்கவில்லை, மாதவிலக்கும் நின்றுவிட்டது. வயது 34தான்.

மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. பர்மாவில் விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு அந்தச் சுரப்பி ரத்தக்கசிவால் செயலிழந்ததை 1987லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காலை வேளைக் கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கார்ட்டிசால் குறைந்திருக்கும்போது தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால் ஆபத்து. காய்ச்சலோ வாந்தியோ வந்து தலைசுற்றி விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய கடியை யாரும் தாமாகக் கேட்கமாட்டார்கள், உள்ளே போனதும் நீங்களே முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.