கரிபூவும் க்ளீனெக்ஸும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் மரம் வெட்டினால் மறுபடி வளர்த்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறதாம், அங்கே இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். அப்புறம் டிஷ்யூ பேப்பருக்காகக் கனடாவின் வடக்குக் காடுகள் அழிகின்றன என்று எதற்கு இந்தக் கூச்சல்?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: மைத்துனர் சொல்வது சரிதான். அங்கே காட்டில் பெரும்பகுதி அரசு நிலம், அதில் வெட்டினால் மரம் திரும்ப வளரவும் வழி செய்யவேண்டும். ஆனால் கரிபூ என்ற மானைக் கேட்டால் வேறு கதை சொல்லும். குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் கிளறி அது தின்பது லைக்கன் (நாம் பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்). அந்தக் குளிரில் அது தரையெல்லாம் படரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய இடத்தில் முதலில் இளஞ்செடிகள் தளதளவென்று கிளம்பும், அதைத் தின்ன மூஸ் என்ற பெரிய மான் வரும், மூஸைத் தேடி ஓநாய் வரும், மர லாரிக்குப் போட்ட பாதை ஓநாய்க்கும் வசதியாகப் போக, கடைசியில் மாட்டுவது கரிபூ.

கேள்வி: துடைத்து எறியும் தாளுக்குப் பழைய காகிதம் போதாதா?
(மதுரை வாசகி)

பதில்: போதும். ஆனால் வடக்கத்தி ஸ்புரூஸ் மரத்தின் நார் நீளமானது, தாள் லேசில் கிழியாது. மறுசுழற்சி செய்யச் செய்ய நார் குட்டையாகிவிடும். உலக மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதமே உள்ள அமெரிக்கர்கள் டிஷ்யூ பேப்பரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தீர்க்கிறார்கள், மெத்தென்று இருந்தாகவேண்டும் அவர்களுக்கு! க்ளீனெக்ஸ் டிஷ்யூ தயாரிக்கும் கிம்பர்லி-கிளார்க் கம்பெனியோடு கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இந்தக் காடுகளுக்காக 2004-லிருந்து மல்லுக்கட்டி, 2009 ஆகஸ்டில்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: அங்கே வாழும் பூர்வகுடிகள் சும்மாவா இருந்தார்கள்?
(சேலம் வாசகர்)

பதில்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராஸி நேரோஸ் என்ற பூர்வகுடி ஊர். ஆற்றின் மேல்பக்கம் இருந்த டிரைடன் நகரத்துக் காகிதக்கூழ் ஆலை 1962 முதல் 1970 வரை ஆற்றில் விட்ட பாதரசம் சுமார் 9 டன். அந்த ஆற்று மீனைத் தின்று நோயாளிகளான மக்கள், மிச்சமிருந்த காட்டுக்கும் ஆபத்து வந்ததும் 2002 டிசம்பரில் மர லாரிப் பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். 2008-ல் ஒரு பெரிய காகிதக் கம்பெனி அங்கிருந்து பின்வாங்கியது.

கேள்வி: தாளுக்குப் பதில் தண்ணீர் பயன்படுத்தும் நமக்கு இதில் என்ன பங்கு?
(மறுபடியும் திண்டுக்கல்)

பதில்: இந்திய நாளிதழ்களுக்கான காகிதத்தில் கணிசமான பகுதி கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நீங்கள் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எடுத்த தாளும் அதுவாக இருக்கலாம்.