அப்பா ஷார்ஜா வர்றாரு, மாத்திரைப் பையை இப்பவே கொட்டிப் பாருங்க

ஷார்ஜால இருக்கிற ஒரு வாசகியோட கேள்வி இது. அப்பாவுக்கு 68 வயசு, மதுரைல இருக்காரு, விசிட் விசால ரெண்டு மாசம் மகள் வீட்டுக்கு வர்றாரு. சுகர், பிபி மாத்திரை, கால் எரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல், வயித்துக்கு ஒண்ணு, ராத்திரி தூங்க பாதி மாத்திரை, இவ்வளவும் தினம் சாப்பிடுறாரு. இது போக அங்க வேலை பாக்கிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதுகுவலி மாத்திரை ரெண்டு அட்டை கொண்டு போகச் சொல்றாங்களாம். "டாக்டர் சீட்டு கையில இருந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?"ன்னு கேக்குறாங்க.

எல்லாத்துக்கும் போதாதுங்க. சுகர், பிபி மாத்திரைக்கு சீட்டு போதும், மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், கொலஸ்ட்ரால் மாத்திரை இதெல்லாம் தங்குற நாளுக்கு வேண்டிய அளவு கொண்டு போனா பிரச்சனை இல்ல, இன்சுலின் போடுறவரா இருந்தா அதை மட்டும் பெட்டில போட்டு செக்-இன் பண்ணாம கைப்பைல வச்சுக்கணும், ஊசிக்கு டாக்டர் லெட்டர் வேணும், அவ்வளவுதான். நான் கவலைப்படுறது மத்த நாலு ஐட்டத்தைப் பத்தி.

அந்தக் கால் எரிச்சல் கேப்ஸ்யூலை எடுத்து அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கிற கலவையைப் படிங்க. பெரும்பாலும் மீதைல்கோபாலமின்னு ஒரு வைட்டமின் பேரு இருக்கும், கூடவே பிரகாபலின் 75 மி.கி.ன்னு இருக்கும். நம்ம ஊர்ல இதை "நரம்பு மாத்திரை"ன்னு சொல்லுவாங்க, சில பேர் சத்து மாத்திரைன்னே நினைச்சுட்டு இருப்பாங்க, வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்குக் கூட உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அந்த பிரகாபலின் எமிரேட்ஸ்ல, அதாவது ஷார்ஜா, துபாய் எல்லாம் சேர்ந்த அந்த நாட்டுல, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன்கூட்டியே அனுமதி வாங்காம கொண்டு போகக் கூடாது. வயித்து மாத்திரையும் அப்படித்தான், கிளிடினியம் கூட குளோர்டயஸெப்பாக்சைடு சேர்ந்த மாத்திரையை இங்க வயித்து வலி, அடிக்கடி வெளிக்குப் போற தொந்தரவுக்கெல்லாம் எழுதுறாங்க, அந்த ரெண்டாவது மருந்து தூக்க மாத்திரை, டென்ஷன் மாத்திரை குடும்பத்தைச் சேர்ந்தது. ராத்திரி போடுற பாதி மாத்திரை அல்பிரசோலமோ குளோனசெபமோ எதுவா இருந்தாலும் அதுவும் அதே குடும்பம்தான். இருமல் சிரப் ஏதாவது கொண்டு போனா அதுல கோடீன்னு அபின் வகை மருந்து இருக்கான்னும் பாருங்க. எந்த நோய்க்குக் குடுத்தாங்கங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, பிராண்ட் பேரை வச்சும் வேண்டாம், உள்ள இருக்கிற மருந்தோட பேர் மட்டும்தான் அங்க கணக்கு.

அங்க சட்டம் ரொம்ப கடுமையானது. போதைப்பொருளுக்கும் மனநிலையை மாத்துற மருந்துகளுக்கும் 2021-ல 30-ஆம் நம்பர் சட்டம் கொண்டு வந்தாங்க, 2022 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு, அனுமதி இல்லாம கையில வச்சிருக்கிறதே குற்றம், ரத்தத்துலயோ யூரின்லயோ இருந்தாலும் வச்சிருந்த மாதிரிதான் எடுத்துக்குவாங்க. துபாய்ல ஃபிளைட் மட்டும் மாறி லண்டன் போறவங்களுக்கும் இது பொருந்தும். "நான் நாலு தடவை கொண்டு போயிருக்கேன், ஒருத்தனும் கேக்கல"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்ற அண்ணன் பொய் சொல்லலைங்க, அவர் பெட்டியைத் திறக்கலை, அவ்வளவுதான். திறந்தா 68 வயசுக்காரர் பாஷை தெரியாத ஊர்ல ரூம்ல உக்காந்துட்டு இருப்பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

பக்கத்து வீட்டுப் பையனோட முதுகுவலி மாத்திரையைத் தொடவே தொடாதீங்க. நம்ம ஊர்ல முதுகுவலிக்கு எழுதுற பல மாத்திரைல பாராசிட்டமால் கூட டிரமடால் இருக்கும், அது பழக்கமாகிடக் கூடிய வலி மருந்து, எமிரேட்ஸ்ல அதுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2017-ல ஒரு பிரிட்டிஷ் பொண்ணு எகிப்துக்கு 290 டிரமடால் மாத்திரை கொண்டு போனாங்க, அங்க இருக்கிற துணைவருக்கு முதுகுவலின்னு, பெட்டில ஒளிச்சுக்கூட வைக்கலைன்னாங்க, இது தப்புன்னே தெரியாதுன்னாங்க, கோர்ட்ல மூணு வருஷம் ஜெயில் குடுத்தாங்க. அடுத்தவங்க பேர்ல இருக்கிற மருந்துக்கு நம்மகிட்ட என்ன பேப்பர் இருக்கு சொல்லுங்க? அந்தப் பையனோட அம்மாகிட்ட "தம்பியை அங்கயே ஒரு கிளினிக்ல காட்டச் சொல்லுங்க"ன்னு நேராவே சொல்லிடுங்க, கோவிச்சுக்கிட்டா பரவாயில்ல.

சரி, அப்ப என்ன பண்றது? குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடியே அப்பாவைப் பாக்கிற டாக்டர்கிட்ட அட்டைங்களோட போயி, இந்த ஊருக்குப் போறாரு, இதுல எதை மாத்தலாம்னு கேளுங்க. கால் எரிச்சலுக்கு டுலாக்செடின் மாதிரி வேற வழி இருக்கு, அது அப்பா உடம்புக்கு ஒத்து வருமா, மத்த மாத்திரையோட சேருமான்னு டாக்டர்தான் சொல்லணும், அதுவும் எமிரேட்ஸ் பட்டியல்ல இருக்கான்னு பாத்துட்டுத்தான் மாத்தணும். வயித்து மாத்திரையும் மாத்திக்கக் கூடியதுதான். ஆனா ஏர்போர்ட் பயத்துல கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க, பிரகாபலினையோ தூக்க மாத்திரையையோ திடீர்னு நிறுத்தினா தூக்கம் போயி, படபடப்பு வந்து, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், அதுக்குத்தான் ஆறு வாரம்.

மாத்தவே முடியாததுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டு வர்றதுக்குன்னே ஆன்லைன்ல விண்ணப்பம் இருக்கு. இதை சுகாதார அமைச்சகம் பாத்துட்டு இருந்தது, 2023-ல எமிரேட்ஸ் ட்ரக் எஸ்டாப்ளிஷ்மெண்ட்னு மருந்துக்குத் தனி அமைப்பு உருவாக்கியிருக்காங்க, அதனால ரெண்டு வெப்சைட்டையும் பாத்துட்டு இப்ப எதுல போடணுமோ அதுல போடுங்க. நீங்க அங்கயே குடியிருக்கிறதால உங்ககிட்ட யுஏஇ பாஸ், அதாவது அங்க அரசு வெப்சைட்ல உள்ள போறதுக்கான டிஜிட்டல் அடையாளம், இருக்கும், நீங்களே உக்காந்து பண்றது அப்பாவை மதுரைல ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்புறதை விட நல்லது. பாஸ்போர்ட் காப்பி, சீட்டு, என்ன நோய், எதுக்கு இந்த மருந்துன்னு மெடிக்கல் ரிப்போர்ட், இதெல்லாம் தயாரா வச்சுக்கங்க. அனுமதில எத்தனை மாத்திரைன்னு இருக்கோ அதுக்கு மேல ஒண்ணு கூட பைல இருக்கக் கூடாது.

நம்ம ஆளுங்க மாட்டுறது பேர்லதான். சீட்டுல "ஆர். முருகேசன்"னு இருக்கும், பாஸ்போர்ட்ல "ராமசாமி முருகேசன்"னு இருக்கும், மெடிக்கல் ஷாப் பில்லுல பேருக்கு நேரா "கேஷ்"னு இருக்கும். பாக்கிற ஆஃபீசருக்கு இது மூணு பேரு. அதனால பாஸ்போர்ட்ல இருக்கிற அதே எழுத்துல, டைப் பண்ணின லெட்டர்ஹெட்ல, மருந்தோட மூலப் பேரு, மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, டாக்டரோட கையெழுத்து, சீல், மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் போட்டு இங்கிலீஷ்ல லெட்டர் வாங்குங்க. கடைல அட்டையை கத்திரிக்கோலால வெட்டிக் குடுப்பாங்க பாருங்க, பேரும் எக்ஸ்பயரியும் வெட்டின பக்கம் போயிடும், அது வேண்டாம், முழு அட்டையா பெட்டியோட வாங்குங்க. காலை மதியம் ராத்திரின்னு பிரிச்சு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவை காலியாவே கொண்டு வரட்டும்.

அப்புறம் அம்மா கண்டிப்பா ஒரு மசாலா பொட்டலம் கட்டிக் குடுப்பாங்க. கசகசா எமிரேட்ஸ்ல தடை, குருமாவுக்குன்னு அரைச்சு வச்ச பொடில கலந்திருந்தாலும் எடுத்துடுங்க. பேர் போடாத லேகியம், சூரணம் எதுவும் வேண்டாம், சில லேகியத்துல கஞ்சா சேக்குறது உண்டு.

அனுமதிப் பேப்பரை ரெண்டு பிரிண்ட் எடுத்து ஒண்ணு அப்பா கைப்பைல மாத்திரை கூடவே, இன்னொண்ணு அவர் சட்டைப் பைல வைங்க. இறங்கினதும் கூட்டத்தோட கிரீன் சேனல்ல போகாம, கஸ்டம்ஸ்ல சொல்ல வேண்டியது இருக்கிறவங்க போற ரெட் சேனல் போயி "மெடிசின்"னு சொல்லி பேப்பரை நீட்டச் சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தை போதும். கிளம்புற தேதிக்குள்ள அனுமதி வரலைன்னா அந்த மாத்திரையை மட்டும் கொண்டு வராம, டாக்டர் லெட்டரோட வந்து அங்க லைசென்ஸ் உள்ள டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிக்கலாம். வந்து இறங்குற அன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற மாதிரி நீங்க இப்பவே பேசி வச்சுக்கங்க, ஒரு ராத்திரி கூட மாத்திரை விட்டுப் போகக் கூடாது.