பொருளாளர் பதவி காலி: லெட்டர்பேடு நியமனம் செல்லுமா?

கேள்வி: நான் பெருந்துறைப் பக்கமுங்க. பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் இல்லாத ஒரு சின்னக் கட்சியில் மாநிலச் செயற்குழு உறுப்பினர். எங்கள் பொருளாளர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். காரியம் முடிவதற்குள்ளேயே தலைவர் தன் மச்சானைப் பொருளாளராக்கி லெட்டர்பேடில் அறிவிப்பு விட்டார். ஆட்சேபம் கிளம்பியதும், ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை காலை 11 மணிக்கு அவிநாசி மண்டபத்தில் அவசரச் செயற்குழு" என்று போட்டார். 21 இடம் உள்ள செயற்குழுவில் இப்போது இருப்பது 19 பேர். வந்தது 8 பேர். குரூப்பில் இல்லாத இரண்டு பேருக்குத் தகவலே இல்லை. நான் போகவில்லை. "இடையில் காலியாகும் நிர்வாகி பதவியைச் செயற்குழு அடுத்த பொதுக்குழு வரை நிரப்பலாம்" என்கிறது பைலா (கட்சியின் சட்டதிட்டம்). கூட்டத்துக்கு 7 நாள் எழுத்துமூல நோட்டீஸ், கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வரவேண்டியவர்கள்) மூன்றில் ஒரு பங்கு. "அவசர நேரத்தில் தலைவர் முடிவெடுத்து, பின்பு செயற்குழு ஒப்புதல் பெறலாம்" என்றும் ஒரு விதி இருக்கிறது. பொதுக்குழு அடுத்த வருடம்தான். இந்த நியமனம் செல்லுமாங்க? தேர்தல் ஆணையத்துக்கு எழுதலாமா?

பதில்: மச்சான் என்பதால் நியமனம் செல்லாமல் போகாது. உறவினரைப் போடக்கூடாது என்று உங்கள் பைலா சொல்லாதவரை அது அரசியல் குறைதான், சட்டக் குறை இல்லை. அதை மேடையில் பேசுங்கள், மனுவில் எழுதாதீர்கள்.

கோரத்தையும் விட்டுவிடுங்கள். மொத்த இடம் 21-ஐ வைத்துக் கணக்கிட்டாலும் 7 பேர், இப்போதுள்ள 19-ஐ வைத்தாலும் ஏழு பேர். வந்தவர்கள் எட்டு. அந்த வாதம் முதல் வாய்தாவிலேயே அடிபடும்.

உங்கள் பிடி நோட்டீஸில் இருக்கிறது. ராத்திரி பத்துக்குச் செய்தி போட்டு மறுநாள் பதினொன்றுக்குக் கூட்டம் என்றால் நடுவில் பதின்மூன்று மணி நேரம். விதி கேட்பது 7 நாள். வாட்ஸ்அப் செய்தி "எழுத்துமூலம்" ஆகுமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம், ஆனால் ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும் நாள் கணக்கு இடிக்கிறது. அதைவிடக் கனமானது, இரண்டு உறுப்பினர்களுக்குத் தகவலே போகாதது. கூட்டத்துக்கு வர உரிமை உள்ளவரை அழைக்காமல் கூட்டம் போட்டால், வந்தவர்கள் ஒருமனதாகக் கைதூக்கியிருந்தாலும் அந்தத் தீர்மானத்தை நீதிமன்றத்தில் காப்பாற்றுவது கஷ்டம். "அவசரம்" என்று தலைப்பில் போட்டதால் நோட்டீஸ் காலம் சுருங்காது. அவசரக் கூட்டத்துக்குக் குறைந்த நாள் போதும் என்று பைலாவிலேயே தனி விதி இருந்திருக்க வேண்டும்.

தலைவரின் அவசர அதிகார விதியைக் காட்டி எதிர்த்தரப்பு வரும். அந்த விதியை முழுசாகப் படியுங்கள். முடிவெடுக்கலாம் என்பதோடு அது நிற்கவில்லை, செயற்குழு ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. முறைப்படி கூட்டப்படாத செயற்குழு கொடுத்த ஒப்புதல், ஒப்புதலே இல்லை. அதோடு, காலியிடத்தை நிரப்பத் தனி விதி இருக்கும்போது பொதுவான அவசர விதிக்குள் புகுந்து அதைத் தாண்ட முடியாது. குறிப்பிட்ட விதிதான் பொதுவிதியை மிஞ்சும்.

நம் பக்கத்தில் குலதெய்வக் கோயில் கமிட்டியில் ஒருவர் போய்ச் சேர்ந்தால், பெரியவர் ஒருத்தர் கை காட்டுகிறவர் அடுத்த வாரம் உண்டியல் சாவியோடு நிற்பார். ஊரும் ஒத்துக்கொள்ளும். அதே பழக்கத்தைப் பலர் கட்சிக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். கட்சிப் பொருளாளர் விஷயம் வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29சி-யின்படி 20,000 ரூபாய்க்கு மேல் வந்த நன்கொடைகளின் அறிக்கையைத் தயாரிக்க வேண்டியவர் பொருளாளர், அல்லது கட்சி அதற்கென அதிகாரம் கொடுத்தவர். அந்த அறிக்கை ஒழுங்காகப் போகாவிட்டால் கட்சிக்குக் கிடைக்கும் வருமான வரி விலக்கே கைநழுவும். நியமனம் சந்தேகத்துக்குரியது என்றால் அந்தக் கையெழுத்தும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

தேர்தல் ஆணையம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதே 1951 சட்டத்தின் பிரிவு 29ஏ(9)-ன்படி நிர்வாகிகள், தலைமை அலுவலகம், முகவரி மாறினால் கட்சி தாமதமின்றி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது தகவல் மட்டும்தான். ஆணையம் பெயரை ஏற்றிக்கொண்டது என்பதாலேயே நியமனம் செல்லுபடியாகிவிடாது. போட்டித் தரப்புகளில் எது கட்சி என்று ஆணையம் விசாரித்து முடிவு செய்வது 1968-ம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, பத்தி 15-ன் கீழ். அந்தப் பத்தி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. உங்கள் கட்சிக்கு அந்த வாசல் இல்லை. ஆட்சேபக் கடிதம் ஒன்று அனுப்பிப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு எதிர்பார்க்காதீர்கள். மாவட்டப் பதிவாளரிடம் போகச் சொல்லியும் யாராவது யோசனை சொல்வார்கள். அவர் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கங்களுக்குத்தான். உங்கள் கட்சி சங்கமாகவும் பதிவாகியிருந்தால் தவிர அங்கே வேலை இல்லை.

பதவி காலியாகி அதை நிரப்பப் போய்ச் சிக்கல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அ.தி.மு.க. வழக்கே கண்முன் இருக்கிறது. 2016 டிசம்பர் 5-ல் பொதுச்செயலாளர் ஜெயலலிதா மறைந்தார். 2017 செப்டம்பரில் பொதுக்குழு கூடி ஒருங்கிணைப்பாளர் பதவிகளை உருவாக்கியது. 2022 ஜூலை 11-ல் இன்னொரு பொதுக்குழு எடப்பாடி கே. பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கூட்டத்தை யார் கூட்டலாம், முறைப்படி நோட்டீஸ் போனதா என்றுதான் பெரும் வாதம் நடந்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு விதமாகவும், செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு நேர்மாறாகவும் உத்தரவிட, 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் உத்தரவை உறுதி செய்தது. காசும் ஆள்பலமும் உள்ள கட்சிக்கே அந்தப் பாடு.

ஆகவே உங்களிடம் ஒன்றை நேராகவே கேட்கிறேன்: 19 பேரில் உங்கள் பக்கம் எத்தனை பேர்? நோட்டீஸ் குறை என்பது திருத்தக்கூடிய குறை. நீங்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கினால், தலைவர் அடுத்த மாதம் ஒழுங்காக 7 நாள் கொடுத்துக் கூட்டம் போட்டு அதே மச்சானையே தேர்ந்தெடுக்கலாம். உங்களிடம் பத்துப் பேர் இல்லையென்றால் வழக்கறிஞர் ஃபீஸ்தான் மிச்சம். இருந்தால், வழக்கே வேண்டியதில்லை.

உறுப்பினர்களே கூட்டம் கோரும் விதி பைலாவில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்கலாம் என்று இருக்கும். இருந்தால் ஏழு கையெழுத்தோடு தலைவருக்கும் பொதுச்செயலாளருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பொருள் நிரலில் "பொருளாளர் காலியிடம் நிரப்புதல்" என்று தெளிவாக எழுதுங்கள். "தலைவர் அனுமதிக்கும் இதர விஷயங்கள்" என்பதற்குள் பதவி நிரப்பும் வேலையைச் சொருகினால் அதுவே அடுத்த வழக்குக்கு விதை. நாள் கணக்கில் நோட்டீஸ் கிடைத்த நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல் எண்ணுங்கள். நான் என்றால் பத்து நாள் விடுவேன்.

அவிநாசிக் கூட்டத்துக்குப் போய் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைப் பதிவில்) மறுப்பு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இப்போது உங்களோடு சேர்ந்தால், அவர்களை மனுதாரராக முன்னால் நிறுத்தாதீர்கள். வந்து உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர் பிறகு நோட்டீஸ் இல்லை என்றால் நீதிபதி சிரிப்பார். அழைப்பே வராத அந்த இரண்டு பேர்தான் உங்கள் பலம். மினிட்ஸ் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருக்கிறதா, பின்னால் மை மாறியிருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அது வந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-ன் கீழ் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கொடுக்க அது வேண்டியிருக்கும்.

வங்கிக்குப் புகார் எழுதும் முன் ஒருமுறை யோசியுங்கள். தகராறு என்று எழுத்தில் போனால் பெரும்பாலும் வங்கி இரண்டு தரப்பையும் நிறுத்திவைத்துவிடும். மண்டப அட்வான்ஸ் திரும்ப வராது, அலுவலக வாடகை நிற்கும், பழி உங்கள் தலையில் விழும். இறந்தவரின் கையெழுத்து அதிகாரம் முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிவித்து, முறையான தீர்மானத்தின் சான்றிட்ட நகல் இல்லாமல் புதுக் கையெழுத்தை ஏற்கவேண்டாம் என்று கேட்டால் போதும்.

கோரிக்கைக் கடிதத்தைத் தலைவர் கண்டுகொள்ளாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம். கட்சி தனியார் அமைப்பு என்பதால், அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடும் ரிட் மனு பொதுவாக நிற்காது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், பிரிவு 34-ன் கீழ் அந்தத் தீர்மானம் செல்லாது என்ற விளம்புகைக்கும் (நீதிமன்ற அறிவிப்புக்கும்), கூடவே புதியவர் பொருளாளராகச் செயல்படாமல் தடைக்கும் வழக்கு. தலைவரையும் புதிய பொருளாளரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். மற்ற உறுப்பினர்களுக்காகவும் சேர்த்து என்றால் உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், கட்டளை 1 விதி 8-ன் கீழ் அனுமதி வாங்க வேண்டும்.

மறுகூட்டத்தில் உங்கள் ஆள் ஜெயித்தால், அன்றே அதே விசாரணைமுறைச் சட்டத்தின் பிரிவு 148ஏ-ன் கீழ் கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போடவேண்டாம் என்ற முன்மனு) போட்டுவையுங்கள். 90 நாள் நிற்கும். யார் வந்தாலும் அவர் பதவி அடுத்த பொதுக்குழு வரைதான், எனவே தீர்மானத்தில் அந்த வரியை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.