தழைச்சத்துக் கேள்விகள்: முதலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

இடி மின்னலோடு பெய்கிற மழையில் உரம் இருக்கிறதாமே? (குடியாத்தம்)

இருக்கிறது. ஆனால் சொற்பம். அதை நம்பி உரத்தைக் குறைக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது, யூரியா போடலாமா? (ஊர் எழுதவில்லை)

ஊர் இல்லை, சரி. பயிர் பெயர்கூட இல்லையே! அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவாக இருக்கலாம். நுனிக்குருத்து வெளுத்தால் இரும்பு, கந்தகம் பக்கம் பாருங்கள். பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) எத்தனை மூட்டை யூரியா? (போளூர்)

நாற்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவுங்கள். கடுகுபோல முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே சிவந்திருந்தால் ரைசோபியம் என்கிற பாக்டீரியா வேலை செய்கிறது; காற்றிலிருக்கும் நைட்ரஜன் செடிக்குப் போகிறது. யூரியாவைக் கொட்டினால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துவிடும். விதையில் ரைசோபியத்தைக் கஞ்சியில் கலந்து தடவுங்கள். பூஞ்சாண மருந்து தடவிய அன்றே வேண்டாம், ஒரு நாள் விடுங்கள்.

பக்கத்து வயல் கரும்பச்சையாகக் கறுகறுவென்று இருக்கிறது. என் நெல்லுக்கு இன்னொரு மூட்டை போடட்டுமா? (அணைக்கட்டு)

வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்விதான் வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. அதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மீதி எங்கே போகிறது? வெயில் நேரத்தில் பாசி படர்ந்த தண்ணீரில் காரத்தன்மை ஏறிவிடும். அதில் விழுந்த யூரியா அம்மோனியாவாகிப் பறந்துவிடும். கொஞ்சம் நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் திரும்ப நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடும்; வந்த காற்றுக்கே திரும்பிப் போகிறது, நீங்கள் கொடுத்த காசோடு. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைப்போல 270 மடங்கு. வயலில் மிஞ்சியதாவது நன்மை செய்யுமா? கறுத்த பயிருக்குப் புகையான் பூச்சி வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், கதிர் முற்றும்போது சாயும்.

தண்ணீரை வடித்துவிட்டு, சேறு பதமாக இருக்கும்போது பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். எப்போது போடுவது என்பதை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை சொல்லும், பக்கத்து வயல் சொல்லாது. நிற்கிற தண்ணீரில் யூரியா வீசாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா? (காட்பாடி)

போதாது. தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். காய்ச்சக் காய்ச்சக் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும். நம் பக்கம் பாறைக் கிணறுகள். மேலே கொட்டியது வெடிப்பு வழியாக இறங்கிவிடும். கிணற்றோரம் எருக்குழி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

எருக்குழியில் காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி. நல்ல எருவா? (ஆரணி)

அந்த நெடிதான் தழைச்சத்து, பறந்து போய்க்கொண்டிருக்கிறது. மாட்டுக் கோமியம் விழுகிற இடத்தில் வைக்கோல் போட்டு, குழியை மண்ணால் மூடுங்கள்.