கேமரா நால்வருக்கு, கடன் ஒருவருக்கா?

கேள்வி: கருப்பூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை. போட்டோ பைத்தியம் பிடித்த நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 72,000 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கினோம். இஎம்ஐ 12 மாதம், மாதம் 6,000. கடன் என் பெயரில். ஆளுக்கு 1,500 என்று பேச்சு. நான்கு மாதம் ஒழுங்காகப் போனது. கடந்த ஐந்து மாதமாக இரண்டு பேர் தருவதில்லை. அவர்கள் பங்கு 3,000-ஐ லோன் ஆப்பில் எடுத்துக் கட்டுகிறேன். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று இப்போது 22,000 ஆகிவிட்டது. விடுமுறையில் ஏற்காட்டுக்குப் போய்ப் படம் எடுப்போம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா ஆர்டர்களில் மாதம் 4,000 வரும், அதை நால்வரும் பிரித்துக்கொள்வோம். கேமராவை விற்றுவிடலாமா? பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங்கில் 10,000 போட்டால் கடனை அடைத்துவிடலாம் என்கிறான் ஒரு நண்பன். கல்விக் கடன் வேறு இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தூக்கம் வருவதில்லை.

பதில்: தம்பி, ஆப் கடன் ஆபத்து என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதனால் அந்தப் பாட்டைப் பாடப் போவதில்லை. என் கண் நின்றது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரியில்: மாதம் வரும் 4,000-ஐ நால்வரும் பிரித்துக்கொள்கிறீர்கள்.

அதாவது இஎம்ஐ கட்டாத இருவரும் மாதம் ஆளுக்கு 1,000 வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஐந்து மாதத்தில் அவர்கள் கைக்குப் போனது 10,000. அதே ஐந்து மாதத்தில் அவர்களுக்காக நீங்கள் கட்டியது 15,000. ஒரு கையால் கடன் வாங்கி, மறு கையால் அவர்களுக்குப் பங்கு கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. இருபது வயதில் நண்பனிடம் காசு கேட்பது எவ்வளவு கூச்சம் என்று எனக்கும் தெரியும். அந்தக் கூச்சத்துக்குத்தான் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு வட்டி? நீங்கள் அனுப்பிய விவரப்படி, 5,000 கடனுக்கு பிராசஸிங் கட்டணம் 600, அதற்கு ஜிஎஸ்டி 108 பிடித்துக்கொண்டு கையில் தருவது 4,292. முப்பதாம் நாள் கட்ட வேண்டியது 5,150. 4,292-ஐ ஒரு மாதம் வைத்திருந்ததற்கு 858 ரூபாய்! மாதத்துக்கு 20 சதவீதம். ஆப்பில் ‘3 சதவீதம்’ என்று போட்டிருப்பதை நம்பிவிட்டீர்கள். 15,000 எப்படி 22,000 ஆனது என்கிறீர்களா? இப்படித்தான். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. வட்டிக்காரர் இப்போது செல்போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

கேமராவை விற்க வேண்டாம். விற்றால் போட்ட பணம் வராது, மாதம் வரும் 4,000-மும் நின்றுவிடும். பிரிக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். ஆர்டர் பணம் வந்ததும் முதலில் இஎம்ஐ கணக்குக்குப் போகட்டும். 6,000-இல் 4,000 அங்கேயே தீர்ந்துவிடும். மீதி 2,000-க்கு ஆளுக்கு 500. இதைக் கேட்க அவ்வளவு கூச்சப்பட வேண்டியதில்லை. வாட்ஸப் குழுவில் எழுதாமல் நேரில் சொல்லுங்கள். “மச்சி, கேமரா டியூ முடியற வரைக்கும் யாருக்கும் பங்கு கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்” என்றால் போதும். இன்னும் மூன்று மாதம்தானே.

அப்புறம் அந்த 22,000. இதை இன்னொரு ஆப்பில் அடைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பவுனுக்கும் குறைவான நகையை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைத்தால் இந்தத் தொகை கிடைத்துவிடும். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 220 ரூபாய். ஆப்பில் இதே தொகைக்கு மாதம் 4,400. எல்லா ஆப் கடனையும் ஒரே நாளில் அடைத்து, முடிந்ததற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். பிறகுதான் ஆப்பை நீக்க வேண்டும்.

இஎம்ஐ முடிந்த பிறகு அந்த இருவரின் பங்கு மாதம் 2,000, அவர்கள் பாக்கி 15,000 தீரும்வரை உங்களுக்கு வர வேண்டும். எட்டு மாதம் ஆகும். உங்கள் பங்கு 1,000-ஐயும் சேர்த்துக் கட்டினால், இன்றிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் நகை வீட்டுக்குத் திரும்பிவிடும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால்? கடன் உங்கள் பெயரில், பில்லும் உங்கள் பெயரில். கேமராவும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஏற்காட்டுக்கு எல்லோரும் சேர்ந்தே போங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பெட்ரோலை மட்டும் நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடனைப் பற்றி இப்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் ஆப் கடனில் ஒரு தவணை தவறினாலும் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் ஏறும். நாளைக்கு வேறு கடன் கேட்டுப் போகும்போது அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஆப்ஷன் டிரேடிங்குக்கு நீளமான பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. கடன் வாங்கி அந்த வரிசையில் போய் நிற்பானேன்? இந்த யோசனையைச் சொன்ன நண்பர், இஎம்ஐ கட்டாத அந்த இருவரில் ஒருவரா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.